மூன்று கையெழுத்து

முகாம் நடத்துவதற்கான ஒப்பந்தமொன்று முதன்முதல் என் கைக்கு வந்தது 2004 இல். பதினொரு பக்கம். கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்து: மேற்பார்வை செய்கிற அரச நிர்வாகத்தினது ஒன்று, காசு தருகிற வெளிநாட்டு நிறுவனத்தினது ஒன்று, நடத்தப்போகிற எங்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தினது ஒன்று. அந்தக் காணிக்குள் பதினான்கு வருடமாகக் கொட்டில் போட்டு இருந்த சனத்தில் ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. காணிச் சொந்தக்காரரும் வைக்கவில்லை. அது ஒரு குறை என்று எனக்கு அன்று படவேயில்லை. எனக்கு இருபத்தாறு வயது. சனத்துக்கு வேலை செய்யக் கிடைத்ததே பெரிது என்று இருந்தேன்.

கோப்பாயை அறிந்தவர்களுக்கு இடம் விளங்கும். மேற்கே உரும்பிராய்ப் பக்கம் நல்ல செம்மண். வாழை, வெங்காயம், புகையிலை. கிழக்கே போகப்போக மண் வெளிறி, கைதடிப் பாலத்தை அண்ட வெறும் தரவை. அதற்கப்பால் உப்பாற்றுக் கடனீரேரி. செம்மண்ணும் தரவையும் முட்டுகிற இடத்தில் ஒரு தென்னங்காணி. அதுதான் எங்கள் நலன்புரி நிலையம். நலன்புரி நிலையம் என்பது கடதாசிப் பெயர். சனம் முகாம் என்றுதான் சொல்லும்.

அங்கே இருந்தவர்கள் வலிகாமம் வடக்கு ஆட்கள். மயிலிட்டி, ஊறணி, தையிட்டி, வசாவிளான், பலாலி. 1990 ஜூனில் சண்டை மூண்டபோது உடுத்த உடுப்போடு எழும்பி வந்தவர்கள். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்று நெல்லுக் கோர்க்காலியைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு வந்ததாக ஒரு ஆச்சி சொன்னா. அவர்களின் ஊர்கள் பிறகு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆயின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது இவர்கள் இரண்டாம் தடவை அகதியானார்கள். நானும் அந்த இரவு கோப்பாய்–கைதடிப் பாதையால் போனவன்தான். பதினேழு வயது. மழை. சைக்கிள் காரியரில் அம்மம்மாவை இருத்தி உருட்டினேன். முன்னுக்கும் பின்னுக்கும் சனத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. 1996 இல் ஊருக்குத் திரும்பியபோது எனக்கு வீடு இருந்தது, கூரை மட்டும் இல்லை. அவர்கள் திரும்பி வந்தது முகாமுக்கு.

ஏற்பாடு எப்படி இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். உலர் உணவு அரசாங்கத்தின் பொறுப்பு. காட் காட்டிச் சங்கக்கடையில் எடுப்பார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபாப் பெறுமதி. அரிசி விலை ஏறியபோதும் அந்தத் தொகை வருடக்கணக்காக அப்படியே நின்றது. ஆள் பதிவும் அத்தாட்சியும் கிராம அலுவலரான விதானையார் கையில். கூரை, கிணறு, மலசலகூடம், குப்பை, வாய்க்கால், பதிவேடு, முகாம்குழுக் கூட்டம் எல்லாம் எங்கள் பொறுப்பு. அதற்கான காசு காலாண்டுக்கு ஒருமுறை வரும். வந்த காசுக்குக் கணக்கும் அறிக்கையும் போகவேண்டும். அரசாங்கம் தானே செய்யாமல் எங்களைப் போன்ற அமைப்பிடம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. பிரதேச செயலகத்தில் ஒரு உத்தியோகத்தருக்கு எத்தனையோ முகாம். தண்ணீர் வாளி உடைந்தால் அன்றைக்கே மாற்ற அவரால் ஏலாது. எங்களால் ஏலும். இந்த வேலையில் எங்களுக்கென்று ஒரு திறமை இருந்தது என்றால் அது இதுதான்: அன்றைக்கே செய்வது.

தொழில் என்று சொன்னால் முதலில் கிணறும் கக்கூசும். வேறு எதைப் பிழையாகச் செய்தாலும் பிறகு திருத்தலாம். இதைப் பிழையாகச் செய்தால் பிள்ளைகள் சாகும். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத்தண்ணீரைத்தான் அன்று குடித்தோம். அந்தக் கல் முழுக்க வெடிப்பு. குழிக்குள் விழுந்தது வடிகட்டப்படாமல் வெடிப்பு வழியே கிணற்றுக்குப் போகும். உலகமெங்கும் நிவாரண வேலைக்காரர் வைத்திருக்கிற ஸ்பியர் கைநூல், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீற்றர் இடைவெளி வேண்டும், குழியின் அடி நிலத்தடி நீரிலிருந்து ஒன்றரை மீற்றராவது உயர நிற்கவேண்டும் என்கிறது. 20 பேருக்கு ஒரு மலசலகூடம், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், ஆளுக்கு மூன்றரைச் சதுர மீற்றர் கூரை நிழல். நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு காணி முழுக்க அளந்தேன். கிணற்றிலிருந்து எந்தப் பக்கம் 30 மீற்றர் போனாலும் ஒன்றில் வேலி, இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் குசினி. மாரியில் மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினாலே தண்ணீர் ஊறுகிற நிலம்.

வழி சொன்னவர் ஒப்பந்தத்தில் எங்கும் பெயர் இல்லாத ஒருவர். முகாமில் இருந்த மேசன், தையிட்டிக்காரர். "தம்பி, கீழ போகாதேங்கோ. மேல கட்டுங்கோ" என்றார். நிலத்துக்கு மேல் கொங்கிறீற் வளையங்களை அடுக்கி, அடியையும் பூசி மூடி, நாலு படி வைத்து உயரத்தில் கக்கூசு கட்டினோம். மண்ணுக்குள் ஒன்றும் இறங்காது. நிரம்பினால் கலி பவுசர் வந்து உறிஞ்சவேண்டும். செலவு கூட, கரைச்சல் கூட, கிணறு தப்பியது.

அடுத்த பிரச்சினை, பொதுக் கக்கூசை ஒருவரும் கழுவமாட்டார்கள். துப்புரவுக்கு ஆள் போட்டால் சம்பளம் நிற்கும் மாதம் துப்புரவும் நிற்கும். அதற்கும் வழி சனத்திடம் இருந்தது. நாலு குடும்பத்துக்கு ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு, நாலு திறப்பு. அதற்குப் பிறகு நான் கக்கூசைப் பார்க்கப் போகவேண்டிய தேவையே வரவில்லை. ஒவ்வொரு கொட்டில் வாசலிலும் ஆணியில் ஒரு திறப்புத் தொங்கும். வீடே இல்லாத இடத்தில் அந்த ஒரு திறப்பைச் சனம் எவ்வளவு கவனமாக வைத்திருந்தது என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரவில் குமர்ப்பிள்ளைகள் போய்வர விளக்கு வேண்டும் என்று கேட்டதும் அவர்கள்தான். ஒப்பந்தத்தின் பாதுகாப்புப் பகுதியில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். விளக்கு என்ற சொல் அதில் இல்லை.

கிணற்றுக்குக் குளோரின் போடுவது கிழமைக்கு இரண்டு தடவை. தூளை வாளியில் கரைத்து, அரை மணித்தியாலம் அடைய விட்டு, மேல் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை மேலும் கீழும் இறக்கி ஏற்றிக் கலக்கவேண்டும். அடுத்த நாள் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து ஒரு டி.பி.டி மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு வரும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு 0.2 க்கும் 0.5 க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்ப்போம். நிறம் வராவிட்டால் மருந்து முடிந்துவிட்டது, அழுக்குக் கூட என்று அர்த்தம். ஆரம்பத்தில் பெண்கள் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி வைக்க மறுத்தார்கள், மணக்கிறதாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து கூட்டம் வைத்தும் சரிவரவில்லை. பிறகு குழாயையும் மாத்திரையையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேரிடம் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் நிறம் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவது அவர்களின் வேலை. தன் பிள்ளை எழுதிய இலக்கத்தைத் தாய் நம்பினாள். அன்றிலிருந்து தண்ணீரைப் பற்றிக் கதை இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எல்லாம் மாறியது. வடமராட்சிக் கரையில் கடல் வீட்டைக் கொண்டுபோன சனத்துக்கு உலகமெல்லாம் இருந்து உதவி வந்தது. வரத்தான் வேண்டும், நாங்களும் ஆள் அனுப்பினோம். அங்கே 200 சதுர அடித் தற்காலிக வீடுகள் எழும்பின, தகரக்கூரை, சீமெந்துத் தரை. எங்கள் முகாமிலிருந்து போய் அந்த வீடுகளைக் கட்டிய கூலியாட்கள் மாலையில் திரும்பி வந்து படுத்தது பதினைந்தாவது வருடக் கிடுகுக் கொட்டிலில். ஒருவரும் பொறாமைப்பட்டுப் பேசவில்லை. ஒருவர் மட்டும் கேட்டார்: "அவையளுக்குக் கடல் எடுத்தது. எங்களுக்கு எடுத்தது ஆர் எண்டு எழுதுறதுக்கு உங்கட போமில இடம் இருக்கே?" இருக்கவில்லை. கொடையாளருக்கான மாத அறிக்கையில் அந்தக் கேள்வியை அப்படியே எழுதினேன். பதில் வரவில்லை.

பதிவேட்டைப் பற்றி ஆறுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் முகாம் நடத்துவதன் உள்ளீடு அதுதான். நீளக் கொப்பி. குடும்ப இலக்கம், தலைவர் பெயர், அங்கத்தவர், சொந்த ஊர், காட் இலக்கம். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கும் சொந்த ஊர் என்ற இடத்தில் மயிலிட்டி என்றுதான் எழுதுவோம். சந்தேகமில்லாமல் எழுதினோம், சனமும் அதையே கேட்டது.

2005 இல் வசாவிளான் குடும்பம் ஒன்றில் கலியாணம். பெண் ஐந்து வயதில் ஊரை விட்டு வந்தவள். மாப்பிள்ளையும் மல்லாகத்தில் ஒரு முகாமில் வளர்ந்த பெடியன். கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் தாய் அவளைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தா.

"தம்பி, இவைக்கு ஒரு இலக்கம் போட்டு விடுங்கோ."

போடமுடியாது. ஒப்பந்தத்தில் குடும்ப எண்ணிக்கை முதல்நாள் எண்ணிய எண்ணிக்கை. அதைக் கூட்டுவதற்கு வாசகம் இல்லை. இறந்தவரை வெட்டலாம், போனவரை வெட்டலாம், பிறந்த பிள்ளையைச் சேர்க்கலாம். புதுக் குடும்பம் சேர்க்கமுடியாது. காட் இல்லாவிட்டால் தனிக் கொட்டில் இல்லை, தனித் தறப்பாள் இல்லை. தகப்பனின் கொட்டிலோடு ஒரு பத்தி இறக்கிக் கொடுத்தோம். பத்தடிக்கு ஆறடி. அதற்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. என் பதிவேட்டில் அந்தக் குடும்பம் தகப்பனின் இலக்கத்துக்குக் கீழ் பென்சிலால் எழுதிய இரண்டு வரி. முகாமை மூடும்போது பென்சில் வரிகள் மைவரிகளுக்குச் சமமாக வந்துவிட்டன.

இதைத்தான் அந்தப் பதினொரு பக்கமும் அறியாமல் இருந்தது. முகாம் என்பது ஆறுமாத விஷயம் என்று நினைத்து எழுதியது. ஆறுமாதத்தில் கலியாணம் நடக்காது, பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்காது, கிழவன் சாகும்போது எந்த மண்ணில் கொள்ளி வைப்பது என்ற கேள்வி வராது. சனத்தில் ஒருவரை இருத்தி வைத்து ஒப்பந்தம் எழுதியிருந்தால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருந்திருக்கும்.

2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதை பூட்டுப்பட்டது. குடாநாடு தீவாகியது. கப்பலில் வருவதுதான் சாமான். சீமெந்து இல்லை, தகரம் இல்லை, குளோரின் தூள் நாள் எண்ணிப் பாவிக்கவேண்டிய நிலை. கூரைக்கு மறுபடி கிடுகும் பனையோலையும். ஊரடங்குக்கு முதல் கிணறு பார்த்து, ஊரடங்கு விலகக் கிணறு பார்த்து... அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும். சீருடைக்காரர் ஒருநாள் வந்து பதிவேட்டின் பிரதி கேட்டார்கள். பெயர், வயது, எந்தக் கொட்டில், எல்லாம் அதில் இருந்தது. இளம் பெடியள் காணாமல் போய்க்கொண்டிருந்த நாட்கள். பதிவேடு யாருடையது, யாருக்குக் காட்டலாம், யாருக்குக் காட்டக்கூடாது என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த வரியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். இல்லை. தலைமை அலுவலகத்தில் கேட்கவேண்டும் என்று நாள் கடத்தினேன். அன்று பின்னேரமே முகாம்குழுவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். தலைவி அக்கா கொப்பியை வாங்கித் தன் பெட்டகத்தில் வைத்தா. "இது எங்கட பேர். எங்களிட்ட இருக்கட்டும்" என்றா. அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் எண்ணிக்கை மட்டும்தான், பெயர்கள் முகாமில்.

2008 நவம்பரில் நிஷா புயல். இரண்டு நாளில் தரவையும் காணியும் ஒரே வெள்ளம். உயரத்தில் கட்டிய கக்கூசுகள் மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றன. கிணறு மூழ்கவில்லை, மேசன் அண்ணை கட்டை இரண்டடி உயர்த்தியிருந்தார். அந்த மாரியில் எங்கள் முகாமில் வயிற்றோட்டத்தால் ஒரு பிள்ளையையும் நாங்கள் இழக்கவில்லை. இந்தத் தொழிலில் நான் செய்ததில் பெருமையோடு சொல்லக்கூடியது அது ஒன்று.

அடுத்த வருடம் வன்னியில் போர் முடிந்தது. மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாமில் சனம் அடைபட்டுக் கிடந்தது. இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று முகாம் வலயங்களுக்குப் பெயர். முட்கம்பிக்குள் வைத்திருந்த அந்த இடத்தையும் எங்கள் காணியையும் முகாம் என்ற ஒரே சொல்லால் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் காசு முழுக்க அந்தப் பக்கம் போனது. போகவேண்டிய தேவையும் இருந்தது. எங்கள் ஆட்களுக்குப் "பழைய அகதி" என்று ஒரு பெயர் வந்தது. புதிய அகதிக்குத் திட்டம் இருந்தது, பழைய அகதிக்கு ஒன்றும் இல்லை. 2010 கடைசியில் எங்கள் ஒப்பந்தம் முடிந்தது. நீடிக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்த அடுத்த நாளும் சனம் அங்கேதான் இருந்தது. கக்கூசும் நிரம்பியது. கலி பவுசருக்கு யார் எழுதுவது? நாங்கள் எழுதினால் உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள் அதிகாரிகள். சனம் எழுதினால் நீங்கள் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். கடைசியில் நாலு திறப்புக்காரக் குடும்பங்களும் காசு சேர்த்துத் தனியார் பவுசருக்குக் கொடுத்தன. நான் சம்பளமில்லாமல் சனிக்கிழமைகளில் போய்வந்தேன். ஒரு முகாமைப் பொறுப்பெடுக்கிற எந்த ஒப்பந்தத்திலும் முதலில் எழுதவேண்டியது தொடக்கத் திகதியை அல்ல, காசு நின்றால் கிணறும் கக்கூசும் யார் பொறுப்பு என்பதை. இதை இளம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

பிறகு வேறு வேலையாகச் சென்னை போனபோது மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2010 இல் போட்ட உத்தரவுகளின் பிறகு, நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கில் திறக்கிறார்கள். கட்டடம் மாநகராட்சியினது, நடத்துவது தொண்டு நிறுவனம். பொறுப்பாளராக இருந்த அக்காவோடு பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கொப்பி போலவே இருந்தது. மானியம் பிந்தினால் அரிசிக்கு என்ன செய்வீர்கள் என்றேன். "கடையில கடன் சொல்லுவோம்ணா" என்றா. கடல் கடந்தும் ஒரே தொழில்.

அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்தில் நடந்தது வேறு மாதிரி. 2000 ஆம் ஆண்டுக் கடைசியில் பாலத்தடியில் கூடாரமடித்த வீடற்றவர்கள், பொலிஸ் கலைக்கக் கலைக்க இடம் மாறி, 2001 இல் நகரசபை காட்டிய ஒரு ஒதுக்குப்புற வளவில் குடியேறினார்கள். டிக்னிற்றி வில்லேஜ் என்று பெயர். அங்கே முகாமில் இருப்பவர்களே இலாபநோக்கில்லாத சங்கமாகப் பதிந்து, அவர்களே நகரசபையோடு ஒப்பந்தம் செய்து, அவர்களே நடத்துகிறார்கள். விதிகளை அவர்களே வாக்களித்துப் போடுகிறார்கள். இடம் நல்லதல்ல, ஊருக்கு வெளியே, விமான நிலையப் பக்கம் என்று குறை உண்டு. ஆனால் கையெழுத்து அவர்களுடையது. இதை வாசித்த இரவு எனக்குத் தலைவி அக்காவின் பெட்டகம்தான் நினைவுக்கு வந்தது. எங்களிடமும் அந்த ஆட்கள் இருந்தார்கள். மேசன் இருந்தார், திறப்புப் பங்கிட்டவர்கள் இருந்தார்கள், நிறம் பார்த்த பிள்ளைகள் இருந்தார்கள். இடம்பெயர்ந்தோருக்கான 1998 ஆம் ஆண்டு வழிகாட்டற் கோட்பாடுகளில் 28 ஆவது, திரும்பிப் போவதைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் அவர்களுக்கு முழுப் பங்கு இருக்கவேண்டும் என்கிறது. சுவரில் அந்தத் தாளை ஒட்டியிருந்தேன். ஒட்டிய நானே அதைச் செய்யவில்லை.

இனிக் காணிக்காரர். ஓய்வுபெற்ற ஆசிரியர், இருபாலையில் இருந்தார். 1990 இல் சனம் மழையில் நிற்கிறது என்று கேட்டு, "ஒரு மாதம் மட்டில் இருக்கட்டும்" என்று வேலியைத் திறந்துவிட்டவர். ஒருவரும் வாடகை பேசவில்லை, எழுத்தும் இல்லை. அந்தத் தென்னங்காணி மகளுக்குச் சீதனமாக எழுதவென்று வைத்திருந்தது. சீதன உறுதி எழுதப்போனால் நொத்தாரிசு கேட்கிறார், காணிக்குள் ஆட்கள் இருக்கிறார்களாமே என்று. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை பின்வாங்கினார்கள். போதாததற்குப் பத்து வருடம் ஆண்டால் காணி ஆண்டவனுக்கே போகும் என்று ஊருக்குள் கதை. 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பத்துவருட ஆட்சியுரிமை உண்டுதான். அனுமதி கொடுத்து இருத்தியவர்களுக்கு அது சும்மா வராது என்பதை அவருக்கு விளங்கப்படுத்த எங்களில் ஒருவரும் இருக்கவில்லை. போரால் காணியை ஆளமுடியாமல் போனவர்களுக்கென்று விசேடச் சட்டம் 2016 இல்தான் வந்தது. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் ஒவ்வொரு வருடமும் வந்து கிணற்றடியில் நிற்பார். சனத்தோடு கோபித்துப் பேசியதே இல்லை. என்னிடம்தான் கேட்பார்: "தம்பி, எப்ப மட்டில்?"

நான் அவருக்கு ஒருமுறையும் சரியான பதில் சொன்னதில்லை. மேலிடத்தில் பேசுகிறோம் என்பேன். அந்த மனிதனின் மகள் முப்பத்தைந்து தாண்டியும் வீட்டிலிருந்தா. அகதிக்கு இடம் கொடுத்த கைக்கு நாங்கள் ஒரு கடதாசிகூடக் கொடுக்கவில்லை. இந்தத் தொழிலில் என்னை இன்றைக்கும் நித்திரையில்லாமல் வைக்கிற விஷயம் இதுதான்.

2015 டிசம்பரில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மல்லாகம் கோணப்புலம் முகாமுக்கு வந்து, முகாம் சனத்தின் பிரச்சினையை ஆறு மாதத்தில் தீர்ப்பேன் என்றார். ஆறு மாதத்தில் தீரவில்லை. கீரிமலையில் நல்லிணக்கபுரம் என்று காணியற்றவர்களுக்குச் சில வீடுகள் வந்தன. 2017 ஜூலை 3 அன்று மயிலிட்டித் துறைமுகத்தையும் சுற்றியுள்ள 54 ஏக்கரையும் இராணுவம் விட்டது. 27 வருடம். அடுத்த வருடச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இன்னும் 683 ஏக்கர். எங்கள் முகாமில் பெரும்பாலானோருக்கு வழி பிறந்தது. போய்ப் பார்த்தவர்கள் வீட்டைத் தேடவில்லை, கிணற்றைத் தேடினார்கள். வீடு தரைமட்டமானாலும் கிணறு நிற்கும், கிணற்றை வைத்து எல்லை பிடிக்கலாம். பென்சில் வரிக் குடும்பங்கள்தான் தத்தளித்தன. தகப்பனின் இரண்டு பரப்புக்குள் நாலு குடும்பம்.

மூடுகிற வேலையைச் செய்ய ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. நானும் மேசன் அண்ணையும் தலைவி அக்காவும் கூடிக் கதைத்தோம். காணியைத் துப்புரவாகக் கொடுக்கவேண்டும் என்பதில் ஒருவருக்கும் இரண்டாம் பேச்சில்லை. பவுசர் வைத்துத் தொட்டிகளை உறிஞ்சி, சுண்ணாம்பு போட்டு, வளையங்களை உடைத்து அள்ளினோம். எங்கள் காலத்துக்கு முந்திய பழைய மண்குழிகளை மண்ணால் நிரப்பி மிதித்தோம். கிணற்றை மூன்று தடவை இறைத்தோம். இம்முறை நான் ஒரு கடதாசி எழுதினேன். ஒரே பக்கம். என்னென்ன கட்டியிருந்தது, என்னென்ன அகற்றியது, எந்த இடத்தில் குழி இருந்தது என்று படம் கீறி அளவு போட்டது. சட்டத்தில் அதற்கு என்ன பெறுமதி என்று நான் பார்க்கவில்லை. தலைவி அக்கா கையெழுத்து வைத்தா, மேசன் அண்ணை வைத்தார், காணிக்கார மாஸ்டர் வைத்தார். எழுதத் தெரியாத ஆச்சி பெருவிரல் வைத்தா. கடைசியாக நான்.

மாஸ்டர் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நிரப்பிய குழிகளைச் சுற்றி நடந்தார். "மாரி வந்தால் இது தாழும்" என்றார். "தாழும்தான்" என்றார் மேசன் அண்ணை.

அந்த வருடம் கார்த்திகையில் நல்ல மழை. மழை விட்டு இரண்டாம் நாள் மாஸ்டர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். போனேன். மயிலிட்டியிலிருந்து வருகிற முதல் பஸ்ஸில் மேசன் அண்ணையும், தகப்பனின் பத்திக்குள் குடித்தனம் நடத்திய அந்த மல்லாகத்துப் பெடியனும் வந்திருந்தார்கள், மண்வெட்டியோடு. ஒருவரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மூன்று குழி தாழ்ந்திருந்தது. கடதாசியிலுள்ள படத்தைப் பார்த்து நாலாவதையும் தேடிப் பிடித்து, பத்து மணிக்கு முதல் மண் போட்டு முடித்தார்கள்.